ஜீப்புக்கு எப்படி வந்தது அந்தப் பதினாறு அங்குலம்?

பழைய ஜீப் ஒன்றின் டயரைக் குனிந்து பார்த்தால் பக்கச்சுவரில் 6.00–16 என்று இருக்கும். லேண்ட் ரோவர் என்றால் 6.00–16 அல்லது 7.50–16. சோவியத் காஸ்-69 என்றால் 6.50–16. முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது எண் அது உட்காரும் ரிம்மின் விட்டம். இரண்டும் அங்குலக் கணக்கு. அகலம் வண்டிக்கு வண்டி மாறுகிறது, பதினாறு மட்டும் அசையாமல் நிற்கிறது. அமெரிக்காவும் இங்கிலாந்தும் ரஷ்யாவும் இந்தியாவும் ஒரே எண்ணில் வந்து சேர்ந்திருப்பதைப் பார்ப்பவருக்கு, ராணுவப் பொறியாளர்கள் சேற்றிலும் மலையிலும் ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்த அளவு இது என்றுதான் தோன்றும். பழைய ஃபோர்வீல் வண்டியை வாங்கிப் புதுப்பிக்கிறவர்களில் பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். பதினாறைக் கைவிடுவதைப் பாவம்போல் நினைக்கிறவர்களும் உண்டு, பழைய பஞ்சாங்கம் என்று தூக்கிப் போடுகிறவர்களும் உண்டு.

உண்மையில் அந்த அளவைச் சேற்றுக்காக யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அமெரிக்கக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போய்வந்த காரின் டயர் அது.

கதை 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி-யிலிருந்து தொடங்குகிறது. அந்தக் காருக்கு முன்னால் 30×3, பின்னால் 30×3½ டயர். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு என்பதால் ஒரே ஒரு மாற்று டயரை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனால் பாதி ஆபத்துக்குத்தான் பாதுகாப்பு. இங்கே 30 என்பது ரிம்மின் அளவல்ல, டயரின் மொத்த உயரம். முப்பதில் மேலே மூன்றரை, கீழே மூன்றரை கழித்தால் 23 அங்குல ரிம். மெல்லிய, குச்சிபோன்ற டயர். உள்ளே 60 பவுண்டை ஒட்டிக் காற்று. சாலையில் கிடந்த ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் வந்து பேசும்.

1923-ல் ஃபயர்ஸ்டோன் கம்பெனி பலூன் டயரைக் கொண்டுவந்தது. பருமன் அதிகம், காற்று ஏறக்குறைய பாதி. வண்டி மிதப்பதுபோல் போனதால் எல்லாரும் அதையே கேட்டார்கள். அந்த மாற்றத்தோடு அளவு எழுதும் முறையும் மாறியது: மொத்த உயரத்தை விட்டுவிட்டு, டயரின் அகலத்தையும் ரிம்மின் விட்டத்தையும் எழுதினார்கள். அதன்பின் ஃபோர்டு கார்களின் அளவுகளை வரிசையாகப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 1926-ல் 4.40–21. 1928-ல் மாடல் ஏ வந்தபோது 4.50–21. 1930-ல் 4.75–19. 1932-ல் புகழ்பெற்ற வி-8 கார் 5.25–18. அடுத்த ஆண்டே 5.50–17. 1935-ல் 6.00–16.

ரிம் இறங்கிக்கொண்டே போகிறது, டயர் பருத்துக்கொண்டே போகிறது. அந்தக் காலத்து டயரில் அகலம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவுதான் பக்கச்சுவர் உயரமும். ஆகவே மொத்த உயரத்தை வாய்க்கணக்காகவே போடலாம். 4.40–21 என்றால் 21-உடன் 4.4-ஐ இருமுறை கூட்டினால் 29.8 அங்குலம். 6.00–16 என்றால் 28 அங்குலம். மொத்த உயரம் இரண்டு அங்குலம்கூடக் குறையவில்லை. இரும்பு ஐந்து அங்குலம் குறைந்தது, அந்த இடத்தை ரப்பரும் காற்றும் பிடித்துக்கொண்டன. சாலைகள் மேம்பட்டன, கார்களின் உடல் தாழ்ந்தது, வேகம் கூடியது, சொகுசு கேட்டார்கள். இவ்வளவுதான் காரணம். 1940-ல் ஃபோர்டும் ஷெவர்லேயும் 6.00–16-ல் ஓடிக்கொண்டிருந்தன. அமெரிக்காவில் எந்தச் சின்ன ஊரின் டயர் கடையிலும் அடுக்கி வைத்திருந்த அளவு அதுதான்.

அந்த ஆண்டு ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு ஓர் அழைப்பு அனுப்பியது. நான்கு சக்கரமும் இழுக்கும் சிறிய வேவு வண்டி வேண்டும், எடை 1,300 பவுண்டைத் தாண்டக்கூடாது, முதல் வண்டியை 49 நாளில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். எடைக் கட்டுப்பாடு நடக்காத காரியம், பின்னால் அதைத் தளர்த்த வேண்டியிருந்தது. நாள் கெடுவும் கிட்டத்தட்ட நடக்காத காரியம்தான். பென்சில்வேனியாவின் பட்லர் ஊரில் நொடித்துப் போகும் நிலையில் இருந்த பான்டம் என்ற சின்ன கம்பெனி துணிந்தது. கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளர் சில நாட்களிலேயே வரைபடங்களை முடித்தார். செப்டம்பர் 23-ஆம் தேதி வண்டி மேரிலாந்தின் ஹோலாபேர்ட் முகாமுக்கு ஓடிவந்து சேர்ந்தது.

49 நாளில் வண்டி கட்டுகிறவன் எதையும் புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்க மாட்டான். எஞ்சின் கான்டினென்டல் கம்பெனியிடம் ஏற்கெனவே இருந்தது. அச்சுகள் ஸ்டூடிபேக்கர் சாம்பியன் காருடையவை, ஸ்பைசர் கம்பெனி அவற்றை நான்கு சக்கர இழுவைக்கு ஏற்ப மாற்றிக் கொடுத்தது. கிடைப்பதை எடுத்துக் கோர்த்த வண்டி அது. அந்த வழியில் பிறந்து வில்லிஸ் எம்.பி., ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. என்ற பெயர்களில் 6 லட்சத்துக்கும் மேல் உருண்டு வந்த போர்க்கால ஜீப்பின் சக்கரமும் அந்தக் காலத்துக் கார்ச் சக்கரமாகவே இருந்தது. நாலரை அங்குல அகல ரிம், அதன்மேல் 6.00–16.

ராணுவம் தன் பங்குக்கு இரண்டு வேலை செய்தது. ஒன்று, டயரின் பட்டன். குறுக்குக் கட்டைகள் ஒரு பாதி முன்னோக்கியும் மறுபாதி பின்னோக்கியும் இருக்கும்படி அமைத்தார்கள். எதிரி தடத்தைப் பார்த்து வண்டி எந்தப் பக்கம் போனது என்று கண்டுபிடிக்கக்கூடாது என்பதற்காக இப்படிச் செய்ததாக ஒரு கதை ஜீப் பிரியர்களிடையே சுற்றிவருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பள்ளத்தில் மாட்டிய வண்டி பின்வாங்கும்போதும் அதே பிடி வேண்டும், இடது வலது பார்க்காமல் கிடைத்த பக்கத்தில் மாட்ட முடிய வேண்டும் என்ற தேவைகளே அந்த வடிவத்துக்குப் போதும். களிமண்ணில் அந்தக் கட்டைகளுக்கு நடுவே மண் அடைத்துக்கொண்டால் டயர் வழுவழுவென்று ஆகிவிடும், ஈரத் தார்ச்சாலையிலும் அது நம்பத்தக்கதல்ல. இன்றைக்கும் தோற்றத்துக்காக அதைத் தேடி மாட்டுகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு மாட்டுவது நல்லது.

இன்னொன்று, இரண்டாகப் பிரியும் ரிம். இரண்டு பாதிகளை எட்டு போல்ட்டுகளால் முடுக்கியிருப்பார்கள். குண்டு பட்டுக் காற்றுப் போனாலும் டயர் ரிம்மைவிட்டுக் கழன்று ஓடாமல் நடுவில் ஒரு வளையம் பிடித்துக்கொள்ளும். கூடவே ஜீப்புக்கென்று ஒரு சின்ன டிரெய்லர் செய்தார்கள். அதற்கும் இதே 6.00–16. ஜீப்பில் சக்கரம் போனால் டிரெய்லரில் கழற்றி மாட்டலாம். போர்க்களத்தில் அளவு ஒன்றாக இருப்பதன் அருமை அங்கேதான் தெரியும்.

ஜீப்பைப் பற்றிய புத்தகங்கள் எஞ்சினைப் பேசும், கியரைப் பேசும், ரப்பரைப் பேச மறந்துவிடும். 1941 டிசம்பரில் ஜப்பான் படை மலாயாவில் இறங்கியது, 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தென்கிழக்காசியாவிலிருந்து வந்தது, அது நின்றுபோனது. மலாயாத் தோட்டங்களில் ரப்பர் பாலை வெட்டி எடுத்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். சாலையில் உருளும் டயர் எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே அமெரிக்கா ஓட்டிக்கொண்டிருந்தது. தோட்டங்கள் கைமாறியதும் ஜப்பானியர் அந்தத் தொழிலாளர்களில் பல்லாயிரம் பேரைச் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்கு இழுத்துப் போனார்கள், திரும்பாதவர்கள் எண்ணற்றோர். நேச நாடுகளுக்கு மிச்சமிருந்த பெரிய ரப்பர் நிலம் இலங்கை. அங்கே மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை என்று கிடைத்த மட்டும் வெட்டிப் பால் எடுக்க உத்தரவாயிற்று. அமெரிக்காவில் முதலில் பங்கீட்டுக்கு வந்த பொருளே டயர்தான். அதன்பின் நாடு முழுவதும் பெட்ரோலைப் பங்கிட்டதும், மணிக்கு 35 மைல் என்று வேகத்தைக் கட்டியதும் பெட்ரோல் தட்டுப்பாட்டால் அல்ல, டயர் தேயக்கூடாது என்பதற்காக. செயற்கை ரப்பர் ஆலைகள் அவசர அவசரமாக எழுந்து ஜீப்பின் டயரைச் செய்தன.

போர் முடிந்ததும் பதினாறு பல திசைக்குக் கிளைத்தது. ரோவர் கம்பெனியின் மாரிஸ் வில்க்ஸ் வேல்ஸின் ஆங்கிள்சி தீவிலிருந்த தன் பண்ணையில் ஒரு பழைய வில்லிஸ் ஜீப்பை வைத்து வேலை வாங்கிக்கொண்டிருந்தார். அது தேய்ந்தால் மாற்று என்ன என்ற கேள்விதான் லேண்ட் ரோவர். 1948 ஏப்ரல் 30-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்த அந்த வண்டிக்கு ஜீப்பைப் போலவே 80 அங்குல வீல்பேஸ், 6.00–16 டயர். பின்னால் நீள வண்டிகள் வந்தபோது சுமை கூடியது, 109 அங்குல மாடலுக்கு 7.50–16 போட்டார்கள். உள்ளே இருந்த பிரேக் டிரம்மும் 10 அங்குலத்திலிருந்து 11 ஆனது. டிரம் பெரிதானால் ரிம் சிறிதாக முடியாது என்பதையும் இங்கே கவனிக்கலாம்.

அமெரிக்கா மட்டும் வேறு வழியில் போனது. 1940-களின் கடைசியில் அங்கே கார்கள் 15 அங்குலத்துக்கு இறங்கின. கார் எங்கே போகிறதோ அங்கேதான் டயர் கடையும் போகும், ஜீப்பும் பின்னால் போயிற்று. 6.00–16-ல் பிறந்த சி.ஜே-5 ஜீப், 1970-களில் 15 அங்குலத்தில் நின்றது. ஜப்பானில் டொயோட்டாவின் எஃப்.ஜே.40-க்கும் 7.60–15. அமெரிக்க வழியில் போன வண்டிகளுக்குப் பதினைந்து, மற்றவற்றுக்குப் பதினாறு என்ற பிரிவு அப்படி வந்ததே தவிர, இரண்டில் ஒன்று காட்டுக்கு உகந்தது என்பதால் அல்ல.

ரிம்மின் விட்டத்தைவிட எனக்குச் சுவையாகப் படுவது அதன் நடுவிலுள்ள துளைகளின் பயணம். ஃபோர்டு மாடல் ஏ-யின் சக்கரத்தில் ஐந்து துளைகள், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் ஐந்தரை அங்குலம், அதாவது 139.7 மில்லிமீட்டர். போர்க்கால ஜீப்பிலும் அதே ஐந்து, அதே ஐந்தரை. 1929-ல் ஃபோர்டு கம்பெனி சோவியத் அரசோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. அதன்படி எழுந்த கார்க்கி ஆலை 1932-ல் மாடல் ஏ காரையே காஸ்-ஏ என்று செய்யத் தொடங்கியது. காரோடு துளைகளும் வோல்கா நதிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த ஆலை போர்க்காலத்தில் செய்த காஸ்-67-இலும், பின்னால் வந்த காஸ்-69-இலும், அதற்கு வாரிசான உவாஸ்-469-இலும் ஐந்து துளை, 139.7. முதலாளித்துவமும் பொதுவுடைமையும் முறைத்துக்கொண்டு நின்ற நாற்பது ஆண்டுகளில் இரண்டு பக்கத்து ஜீப்புகளும் ஒரே துளைக் கணக்கில்தான் ஓடின.

1977-ல் வந்த லாடா நீவாவும் அதே கணக்குதான். ஃபியட் வழி வந்த மற்ற லாடா கார்களுக்கோ நான்கே துளை, 98 மில்லிமீட்டர் வட்டம். சுசூகி ஜிம்னிக்கும் நம்மூர் மாருதி ஜிப்ஸிக்கும் ஐந்து துளை, 139.7. டொயோட்டாவும் நிஸானும் வட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு துளையை ஆறாக்கின. லேண்ட் ரோவர் மட்டும் தனிவழி: ஐந்து துளைதான், ஆனால் வட்டம் ஆறரை அங்குலம், 165.1 மில்லிமீட்டர். 2016-ல் கடைசி டிஃபெண்டர் ஆலையைவிட்டு வெளியேறும்வரை அதை மாற்றவில்லை.

இதிலிருந்து ஒரு நடைமுறைச் செய்தி. துளை பொருந்தினால் சக்கரம் பொருந்தும் என்று நினைத்துப் பழைய சாமான் கடையில் ரிம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நீவாவின் ரிம்மில் மையத் துளை ஏறக்குறைய 98 மில்லிமீட்டர். ஜிம்னியின் ஹப்புக்கு 108 வேண்டும். ஐந்து போல்ட்டும் வரிசையாக நிற்கும், ரிம் மட்டும் ஹப்பில் ஏறாது. சிறு மையத் துளையைக் கடைந்து பெரிதாக்கலாம், செய்கிறார்கள். பெரிய துளையைச் சிறிதாக்க வளையம் போட வேண்டும். இதெல்லாம் சரியானாலும் ரிம்மின் தட்டு எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே நிற்கிறது என்ற கணக்கு மிச்சமிருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தியாவில் 1947-ல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைக் கோர்க்கத் தொடங்கிய மஹிந்திரா, பிறகு சி.ஜே-3பி மாடலை இங்கேயே செய்தது. அமெரிக்காவில் 1968-ல் நின்றுபோன அந்த மாடல் இங்கே அதற்கப்புறமும் பல்லாண்டு வாழ்ந்தது, கூடவே 6.00–16-உம். திருவொற்றியூரில் 1946-ல் விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கி 1961-ல் மோட்டார் டயருக்கு வந்த எம்.ஆர்.எஃப். உட்பட நம் கம்பெனிகள் அந்த அளவைத் தொடர்ந்து வார்த்தன. பலூனிலிருந்து டயருக்கு வந்தவர்கள் பலூன் டயரின் வாரிசைச் செய்தார்கள் என்று நான் சிரித்துக்கொள்வதுண்டு.

ஆனால் இன்றைக்கும் இந்த நாட்டில் எந்தத் தாலுகா ஊரிலும் 6.00–16 கிடைப்பதற்கு ஜீப் காரணமல்ல, டிராக்டர். சென்னை டாஃபேயின் மாஸி ஃபெர்குசன் 1035 தொடங்கி நம் வயல்களில் உழும் டிராக்டர்களில் ஏராளமானவற்றுக்கு முன்சக்கரம் 6.00–16. இங்கேதான் விபரீதம். டிராக்டரின் முன்டயரில் மூன்று நீள வரம்புகள் இருக்கும். அவை மண்ணைக் கீறித் திரும்புவதற்கு, இழுப்பதற்கல்ல. வேகமும் மணிக்கு 30, 40 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டியது. அளவு ஒன்றே என்பதால் ஜீப் ரிம்மில் அழகாக உட்காரும், விலையும் குறைவு. அதை மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் 70-ல் போகிறவரைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். டயரின் பக்கச்சுவரில் அளவை மட்டும் படித்தால் போதாது, எந்த வண்டிக்கு என்பதையும் படிக்க வேண்டும்.

பக்கச்சுவரின் மொழி இன்னும் இரண்டு முறை மாறியது. மிஷலின் கம்பெனி 1946-ல் காப்புரிமை எடுத்து 1949 வாக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்த ரேடியல் டயர், இருபது ஆண்டில் ஃபோர்வீல் வண்டிகளையும் எட்டியது. 1970-ல் ரேஞ்ச் ரோவர் 205 ஆர் 16 டயரோடு வந்தது. அகலம் மில்லிமீட்டரில், ரிம் அங்குலத்தில், நடுவில் ரேடியல் என்பதற்கு ஓர் எழுத்து: கிச்சடி மொழி. பக்கச்சுவர் உயரத்தை எழுதவேயில்லை என்றால் அது அகலத்தில் 80 சதவீதத்தை ஒட்டி என்று பொருள். 205-இல் 80 சதவீதம் 164, இருபக்கமும் 328, ரிம் 406. மொத்தம் 734 மில்லிமீட்டர், அதாவது 29 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. பழைய 6.00–16-இன் உயரம் ஓர் அங்குல வித்தியாசத்துக்குள் திரும்பி வந்துவிட்டது. அதேபோல் 235/85 ஆர் 16 என்பதைக் கணக்குப் போட்டால் 806 மில்லிமீட்டர் வரும், அது பழைய 7.50–16. ஆஸ்திரேலியாவில் லேண்ட் க்ரூசர் பிக்கப்புக்கு வந்த 225/95 ஆர் 16 அதைவிட ஓர் அங்குலம் போலத்தான் கூடுதல். பெயர் மாறுகிறது, உருவம் மாறுவதில்லை.

மூன்றாவது மொழி கலிஃபோர்னியாவில் பிறந்தது. 1960-களில் அங்கே பாலைவனத்தில் ஜீப் ஓட்டியவர்கள் மணலில் புதையாத அகல டயர் தேடினார்கள், டிக் செபெக் போன்றவர்கள் அதைத் தேடிப்பிடித்து விற்று ஒரு தொழிலையே உண்டாக்கினார்கள். 1976-ல் பி.எஃப்.குட்ரிச் ஆல்-டெர்ரைன் ரேடியல் வந்தது. இந்த வகை டயர்களில் 31×10.50 ஆர் 15 என்று எழுதியிருக்கும். 31 மொத்த உயரம், பத்தரை அகலம், 15 ரிம். மாடல் டி காலத்து 30×3½ எழுதிய முறை ஐம்பது ஆண்டு கழித்துத் திரும்பி வந்திருக்கிறது. இன்று ஜீப் பிரியர்கள் முப்பத்தொன்று, முப்பத்துமூன்று என்று பேசுவது இந்த மொழியில்.

பழைய வண்டிக்கு டயர் தேடுகிறவருக்கு இந்த மூன்றில் முக்கியம் மொத்த உயரம்தான். ரிம் பதினைந்தா பதினாறா என்பது இரண்டாவது. ஏனென்றால் ஜீப்பின் பல்சக்கரங்கள், அச்சு, ஸ்டியரிங், பிரேக், மட்கார்டின் வளைவு எல்லாம் 28 அங்குல உயரமுள்ள ஒரு டயரைச் சுற்றிக் கட்டியவை. குடும்பக் காரிலிருந்து வந்த அளவுதான், ஆனால் வந்தபின் வண்டி முழுவதும் அதற்கு ஏற்ப அமைந்துவிட்டது.

சி.ஜே. வகை ஜீப்பில் கிரவுன்–பினியன் விகிதம் 5.38. மெதுவாக, பலமாக இழுக்க அமைந்தது. அதில் 31 அங்குல டயரை மாட்டினால் உயரம் சுமார் பத்து சதவீதம் கூடுகிறது. 5.38 இப்போது 4.9 போல நடந்துகொள்ளும். ஏற்றத்தில் இழுவை குறையும், கிளட்சை அரைத்துக்கொண்டு ஏற வேண்டியிருக்கும். ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-ல் போகும். பிரேக் டிரம் அதேதான், ஆனால் அது பிடித்து நிறுத்த வேண்டிய சக்கரம் நீளமான நெம்புகோலாகிவிட்டது. லேண்ட் ரோவரின் பழைய சீரிஸ் மாடல்களில் பின் அச்சின் பத்துப் பல் தண்டு சாதாரண டயரிலேயே முறிவதற்குப் பேர்போனது. அதில் பெரிய டயர் போட்டுப் பாறையில் ஏறுகிறவர் மாற்றுத் தண்டு ஒன்றை இருக்கைக்கடியில் வைத்திருப்பார்.

இனி விட்டுவைத்த ரிம் தட்டுக்கு வருகிறேன். அகல டயர் உள்பக்கம் ஸ்பிரிங் பட்டையில் உரசும். உரசாமலிருக்க ரிம்மை வெளியே தள்ளிப் பற்றவைக்கிறார்கள். வண்டி அகலக் கால் வைத்து நிற்பதுபோல் அழகாகத்தான் தெரியும். ஆனால் சக்கரத்தின் நடுக்கோடு கிங்பின்னைவிட்டு விலகிவிடுவதால் பள்ளத்தில் விழும் ஒவ்வொரு முறையும் ஸ்டியரிங் கையைப் பிடுங்கும், வீல் பேரிங் சீக்கிரம் போகும். ரிம்மை மாற்றாமல் டயரை மட்டும் மாற்றுவது அதைவிட மோசம். நாலரை அங்குல ரிம்மில் 235/70 ஆர் 16-ஐத் திணித்தால் ஓரங்கள் நெருக்கப்பட்டு நடுப்பகுதி மட்டும் உப்பி நிற்கும், அந்த டயருக்கு ஆறு அங்குல ரிம்மாவது வேண்டும். 2010-ல் வந்த மஹிந்திரா தாரின் டீசல் சி.ஆர்.டி.இ. மாடல் அந்த அளவு டயரோடு வந்தது என்பதால் பழைய ஜீப்புக்கும் அதுவே சரி என்று கடைக்காரர் சொல்லக்கூடும். தாருக்கு அதற்கேற்ற ரிம்மும் அச்சும் சேர்ந்தே வந்தன.

அகலமா, குறுகலா? இதில் எனக்குத் திட்டமான சாய்வு உண்டு. ஒரே எடை, ஒரே காற்றழுத்தம் என்றால் தரையில் பதியும் பரப்பு ஏறக்குறைய ஒன்றுதான். அகல டயரில் அது குறுக்கே விரியும், குறுகல் டயரில் நீளவாக்கில் நீளும். மணலில் மிதக்க வேண்டியவருக்கு அகலம் உதவும், கலிஃபோர்னியாக்காரர்கள் அதனால்தான் அதைத் தேடினார்கள். மேலே சேறும் கீழே கெட்டித் தரையும் உள்ள பாதையில் குறுகல் டயர் சேற்றை அறுத்துக்கொண்டு அடித்தரையைப் பிடிக்கும். நம் மலைப்பாதைகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்கு ஏறும் கல்பாதையில் தினமும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போகும் ஜீப்புகள் இருக்கின்றன. அங்கே வேண்டியது உயரமான பக்கச்சுவர். காற்றைக் கொஞ்சம் இறக்கினால் கல்லின்மேல் மடிந்து கொடுத்து நகரும். பழைய ஜீப்புக்கு 18 அங்குல அலாய் வீலும் பட்டைபோன்ற மெல்லிய டயரும் மாட்டுகிறவர்கள் இந்த மடிப்பையே காசு கொடுத்துத் தொலைக்கிறார்கள்.

ஆகவே பழைய ஜீப்புக்கு என்னைக் கேட்டால் 6.00–16, அல்லது ரேடியல் வேண்டுமென்றால் ரிம்மை அதற்கேற்ப மாற்றிக்கொண்டு 205 ஆர் 16. எஞ்சின் மாற்றிப் பலம் கூட்டியிருந்தால் ராணுவத்தின் பிற்கால எம்-38 ஜீப்பில் இருந்த 7.00–16 வரை போகலாம். லேண்ட் ரோவரின் 88 அங்குல மாடலுக்கு ஆசை இருந்தால் 7.50–16, கம்பெனியே அதை விருப்ப அளவாகக் கொடுத்திருக்கிறது. அதற்கு மேல் போகிறவர் டயருக்குக் கொடுக்கும் பணத்தைப்போல் இன்னொரு மடங்கைக் கிரவுன்–பினியனுக்கும் பிரேக்குக்கும் எடுத்துவைக்க வேண்டும்.

வாங்கும்போது மூன்று விஷயம். பழைய லேண்ட் ரோவர் ரிம்மில் நடுத்தட்டை ரிவெட் அடித்துப் பொருத்தியிருப்பார்கள், ரிவெட் வழியே காற்றுக் கசியும், ட்யூப் இல்லாத டயர் அதற்கு ஆகாது. ரேடியல் டயருக்குள் ட்யூப் போடுவதென்றால் ரேடியலுக்கான ட்யூபாகக் கேட்டு வாங்கவும், டயரின் உள்ளே ஒட்டியிருக்கும் காகிதச் சீட்டைப் பிய்த்தெறியவும், அது உரசியே ட்யூப் கிழியும். அரிதாக விற்கும் அளவுகள் கடையின் பின்னறையில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பக்கச்சுவரில் ஒரு நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2318 என்றால் 2018-இன் 23-ஆம் வாரம். பட்டன் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அந்த எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பழைய ஜீப்பிலும் சீரிஸ் லேண்ட் ரோவரிலும் ஃபோர்வீலைப் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், ரேஞ்ச் ரோவரில் இருப்பதுபோல் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்த டயர் என்றால் இரண்டு அச்சும் வேறு வேறு தூரம் உருளப் பார்த்து ஒன்றையொன்று முறுக்கும். சேற்றில் டயர் வழுக்கி முறுக்கு தளர்ந்துவிடும், கெட்டித் தரையில் டிரான்ஸ்ஃபர் கேஸ் பல்லைக் கடிக்கும். அதனால் ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்தையும் ஒரே கம்பெனியில், ஒரே மாதிரியில் ஒன்றாக வாங்கி, ஸ்டெப்னியையும் சுழற்சியில் விட்டு ஐந்தும் சமமாகத் தேயும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். செலவைக் குறைக்க இரண்டிரண்டாக மாற்றுகிறவர்கள், அடுத்த இரண்டு வரும்வரை ஃபோர்வீல் லீவரைத் தார்ச்சாலையில் தொடாமலிருக்கட்டும்.